வகுப்பறையில் திறமூல மென்பொருள்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் பள்ளிக் கணினி ஆய்வகத்தில் 20 கணினிகள் உள்ளன. சிலவற்றில் 2 ஜிபி நினைவகம்தான். விண்டோஸை அழிக்க நிர்வாகம் சம்மதிக்கவில்லை. மாணவர்களுக்கு லினக்ஸை எப்படி அறிமுகப்படுத்துவது? – கணினி ஆசிரியை ஒருவர்

பதில்: அழிக்கவே வேண்டாம். முதல் பருவம் முழுவதையும் பென்டிரைவிலிருந்தே நடத்தலாம். கணினிக்கு ஒன்றாக 16 ஜிபி பென்டிரைவ் எடுத்துக்கொள்ளுங்கள். யூஎஸ்பி 3 வகையாக இருந்தால் மாணவர்கள் திரையைப் பார்த்துக் காத்திருக்கும் நேரம் குறையும். அதில் வென்டாய் என்ற கருவியை ஒருமுறை நிறுவிவிட்டால் போதும். பிறகு ஐஎஸ்ஓ கோப்புகளை (லினக்ஸ் முழுவதையும் ஒரே கோப்பாக அடக்கியவை) சாதாரணக் கோப்பு போல நகலெடுத்துப் போடலாம். கணினி தொடங்கும்போது எதை ஏற்றுவது என்று பட்டியல் வரும். வென்டாயை நிறுவும்போது பென்டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும். ஆகவே பட்டியலில் தேர்ந்தெடுத்தது பென்டிரைவ்தானா, உள்வட்டா என்பதைக் கொள்ளளவைப் பார்த்து உறுதிசெய்த பிறகே பொத்தானை அழுத்துங்கள்.

ஐஎஸ்ஓவைப் பதிவிறக்கியதும் கோப்பு முழுதாக வந்ததா என்று காட்டும் ஷா-256 சரிபார்ப்பு எண்ணை அதன் தளத்தில் தந்திருக்கும் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பாதியில் அறுந்த பதிவிறக்கம் பெரும்பாலும் நன்றாகத் தொடங்கி, நடுவில் கறுப்புத் திரையோடு நின்றுவிடும். கணினிதான் பழுது என்று நினைத்து அரை நாள் வீணாகும்.

2 ஜிபி கணினிகளுக்கு எக்ஸ்எஃப்சிஇ அல்லது எல்எக்ஸ்க்யூடி என்ற இலகுவான மேசைத்தளம் உள்ள லினக்ஸ் பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். லினக்ஸ் மின்ட் தானே குறைந்தபட்சமாகச் சொல்வது 2 ஜிபி. வசதியாக ஓட 4 ஜிபி. பென்டிரைவிலிருந்து நேரடியாக ஓட்டும்போது நீங்கள் செய்யும் மாற்றங்களும் நினைவகத்தில்தான் தங்கும். அதனால் உலாவியும் லிப்ரெ ஆபீஸ் அலுவலகத் தொகுப்பும் ஒரே நேரத்தில் திறந்திருந்தால் கணினி திணறும். ஒரு நேரத்தில் ஒரு நிரல் என்று பாடத்தைத் திட்டமிடுங்கள். செயலி பழைய 32-பிட் வகை என்றால், டெபியன் என்ற லினக்ஸ் வகையில் 12-ஆம் பதிப்பு வரைதான் வழி. 2025-இல் வந்த டெபியன் 13-இல் 32-பிட் கணினிகளுக்கான நிறுவி இல்லை.

சிக்கல் வரும் இடங்கள் நான்கு. செக்யூர் பூட் (அங்கீகாரம் இல்லாத தொடக்க நிரலைத் தடுக்கும் காப்பு) இயங்கும் கணினியில் வென்டாய் முதல்முறை ஒரு நீலத் திரையைக் காட்டி, சாவியைப் பதிவுசெய்யச் சொல்லும். ஒவ்வொரு கணினியிலும் ஒருமுறை செய்தாக வேண்டும். பிட்லாக்கர் (விண்டோஸின் வட்டுப் பூட்டு) உள்ள கணினியில் பயாஸ் எனும் தொடக்க அமைப்பை மாற்றினால், அடுத்தமுறை விண்டோஸ் மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். அந்தச் சாவி கையில் இல்லாமல் பயாஸைத் தொடவே தொடாதீர்கள். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கினால் கணினி முழுமையாக அணையாது. லினக்ஸ் விண்டோஸ் இருக்கும் வட்டுப் பகுதியைப் படிக்க விடும், எழுத விடாது. மின்சக்தி அமைப்பில் போய் அதை நிறுத்திவிடுங்கள். நான்காவதுதான் மாணவர்களை அழவைப்பது: அணைத்ததும் செய்த வேலை போய்விடும். வென்டாயில் நிலைத்த சேமிப்பு வசதி உண்டு. ஆனாலும் தொடக்கத்தில் வேலையை இன்னொரு பென்டிரைவிலோ பகிர்ந்த கோப்புறையிலோ சேமிக்கப் பழக்குவதே எளிது.


கேள்வி: லினக்ஸ் நிறுவிய 30 கணினிகள் இருக்கின்றன. இணையம் மெதுவானது. எல்லாவற்றையும் புதுப்பிக்கத் தொடங்கினால் அன்று வகுப்பே நடப்பதில்லை. – கல்லூரி ஆய்வகப் பொறுப்பாளர்

பதில்: ஒரே மென்பொருள் தொகுப்பை 30 முறை வெளியிலிருந்து இழுப்பதுதான் பிரச்சினை. ஒரு கணினிக்கு 400 எம்பி என்றால் மொத்தம் 12 ஜிபி. டெபியன், உபுண்டு, மின்ட் வகைகளில் ஆப்ட்-கேச்சர்-என்ஜி என்ற தொகுப்பை ஏதாவது ஒரு கணினியில் நிறுவுங்கள். அது 3142 என்ற போர்ட்டில் காத்திருக்கும். மற்ற கணினிகளில், தொகுப்புகளை இழுத்து நிறுவும் ஆப்ட் கருவியின் அமைப்புக் கோப்புறையில் ஒரே ஒரு வரி கொண்ட கோப்பைப் போட்டு, ஹெச்டிடிபி ப்ராக்ஸியாக (இடையில் நின்று வாங்கித் தருவதாக) அந்தக் கணினியின் முகவரியைக் காட்டினால் போதும். முதல் கணினி இழுப்பது அங்கே தங்கிவிடும். மற்ற 29-உம் உள்வலையிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

தொகுப்புகள் வரும் களஞ்சியத்தின் முகவரி ஹெச்டிடிபிஎஸ் என்று இருந்தால் இந்த வழியில் சேமிக்க முடியாது; ஹெச்டிடிபி என்று மாற்றுங்கள். அதனால் பாதுகாப்பு போய்விடுமோ என்று பதற வேண்டாம். தொகுப்புப் பட்டியலில் மின்கையொப்பம் இருக்கிறது; வழியில் யாராவது ஒரு பைட்டை மாற்றினாலும் ஆப்ட் ஏற்காது. ஆப்ட் வழியாக அல்லாமல் தனியே இறங்கும் ஸ்னாப், ஃப்ளாட்பேக் வகை நிரல்கள் இந்த வழியில் வராது. ஆய்வகத்தில் அவற்றைக் குறைத்துக்கொள்வது நல்லது.

ஒரு கணினியை ஆயத்தம் செய்து குளோன்சில்லா என்ற வட்டு நகல் கருவியால் மற்றவற்றுக்கு நகலெடுக்கும் எண்ணம் இருந்தால் ஒரு எச்சரிக்கை. நகல்கள் எல்லாவற்றுக்கும் ஒரே மெஷின்-ஐடி (கணினியின் அடையாள எண்), ஒரே எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் வழி) சாவி, ஒரே பெயர் வந்துவிடும். சில அமைப்புகளில் மெஷின்-ஐடியை வைத்தே ஐபி முகவரி கேட்கப்படுவதால் இரண்டு கணினிகளுக்கு ஒரே முகவரி கிடைத்து, வலை வந்து வந்து போகும். காரணம் தெரியாமல் கேபிளை மாற்றிக்கொண்டிருப்பீர்கள். நகல் எடுப்பதற்கு முன் மெஷின்-ஐடி கோப்பைக் காலியாக்குங்கள். கோப்பு இருக்கட்டும், உள்ளடக்கம் மட்டும் போகட்டும். அடுத்த தொடக்கத்தில் புதியது தானாக உருவாகும். எஸ்எஸ்ஹெச் சாவிகளை அழித்துவிட்டு ஒவ்வொரு நகலிலும் புதிதாக உருவாக்குங்கள்.


கேள்வி: இலவச மென்பொருளும் திறமூல மென்பொருளும் ஒன்றுதானே? – பதினொன்றாம் வகுப்பு மாணவி

பதில்: இல்லை. திறமூலம் என்றால் நிரலின் மூலத்தை, அதாவது எழுதப்பட்ட வரிகளை, படிக்கவும், மாற்றவும், நகலைப் பிறருக்குக் கொடுக்கவும், மாற்றியதை வெளியிடவும் உரிமை இருக்க வேண்டும். எந்தத் துறையில் எதற்காகப் பயன்படுத்துகிறோம் என்று கேட்கவும் கூடாது. விலை இதில் வரவே இல்லை. கணித வகுப்புகளில் நன்கு அறியப்பட்ட ஜியோஜீப்ராவையே எடுத்துக்கொள்ளுங்கள். வணிகம் அல்லாத பயன்பாட்டுக்கு அது இலவசம். அந்த நிபந்தனையே அதை முழுமையான திறமூலம் என்ற வரையறைக்கு வெளியே நிறுத்துகிறது. வகுப்பில் பயன்படுத்தத் தடை ஏதும் இல்லை. ஆனால் பாடக்குறிப்பில் இரண்டையும் ஒரே பெயரில் எழுதாதீர்கள்.


கேள்வி: லிப்ரெ ஆபீஸில் செய்த ஆவணத்தை வீட்டில் வேர்டில் திறந்தால் பக்கங்கள் கலைந்துவிடுகின்றன என்று பெற்றோர் புகார் சொல்கிறார்கள். – தலைமையாசிரியர் ஒருவர்

பதில்: முதலில் எழுத்துருவைப் பாருங்கள். ஆவணத்தில் கேட்கப்பட்ட எழுத்துரு கணினியில் இல்லையென்றால் வேறொன்று வந்து உட்காரும். எழுத்தின் அகலம் சிறிதளவு மாறினாலும் வரி மடங்கும் இடம் மாறும். பத்தாவது பக்கத்துக்குள் படம் வேறு பக்கத்துக்குப் போய்விடும். காலிப்ரிக்கு ஈடான அகலம் கொண்டது கார்லிட்டோ, கேம்ப்ரியாவுக்கு காலடியா, ஏரியலுக்கு லிபரேஷன் சான்ஸ், டைம்ஸ் நியூ ரோமனுக்கு லிபரேஷன் செரிஃப். இந்த நான்கையும் ஆய்வகக் கணினிகளில் நிறுவிவிட்டால் புகார்களில் பெரும்பகுதி அடங்கும். தமிழ் ஆவணத்துக்கு இரு பக்கமும் ஒரே யூனிகோட் எழுத்துரு இருக்க வேண்டும்.

அடுத்தது பழக்கம் சார்ந்தது. தலைப்பை ஸ்பேஸ் தட்டி நடுவில் கொண்டுவருவதும், என்டர் விசையை அடுக்கி அடுத்த பக்கத்துக்குப் போவதும் எந்த நிரலிலும் கலையும். ஸ்டைல், பக்க முறிவு, டேப் நிறுத்தம் மூன்றையும் ஒரு வகுப்பில் சொல்லிக்கொடுங்கள். அதன் பிறகு மாணவர் எந்த நிரலுக்குப் போனாலும் சமாளிப்பார். மேக்ரோக்கள் (ஆவணத்துக்குள் எழுதும் சிறு நிரல்கள்) விஷயத்தில் நம்பிக்கை வேண்டாம். எக்செல் மேக்ரோ சிலது லிப்ரெ ஆபீஸின் கால்க்கில் ஓடும், சிலது ஓடாது. முன்பே சோதித்துப் பாருங்கள். வேலை நடக்கும்வரை லிப்ரெ ஆபீஸின் இயல்பான ஓடிஎஃப் வடிவிலேயே சேமித்து, கொடுக்கும்போது மட்டும் மாற்றிக் கொடுங்கள். திருத்தத் தேவையில்லாத ஆவணத்துக்கு பிடிஎஃப் போதும்.


கேள்வி: முதலாண்டு மாணவர்களுக்கு கிட் சொல்லித்தர முயன்றால், கட்டளைகளை மனப்பாடம் செய்கிறார்கள், ஏதாவது சிக்கினால் கோப்புறையையே அழித்துவிட்டுப் புதிதாக இறக்குகிறார்கள். எங்கிருந்து தொடங்குவது? – கல்லூரி விரிவுரையாளர்

பதில்: கிட் என்பது கோப்புகளில் செய்யும் மாற்றங்களின் வரலாற்றைப் பதிந்துவைக்கும் கருவி. முதல் வகுப்பில் இணையமும் வேண்டாம், நிரலும் வேண்டாம். ஒரு சாதாரண உரைக் கோப்பு போதும். கிட் இனிட் (தொடங்க), ஆட் (அடுத்த பதிவுக்குச் சேர்க்க), கமிட் (பதிவு செய்ய), லாக் (பதிவுகளைப் பார்க்க) ஆகிய நான்கும், ஒவ்வொன்றுக்கும் இடையில் கட்டாயமாக ஸ்டேட்டஸும். ஸ்டேட்டஸ் சொல்வதை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அடுத்து என்ன செய்யலாம் என்பதை அதுவே எழுதிக் காட்டுகிறது. பிறகு வேண்டுமென்றே ஒரு பொறி வையுங்கள். கோப்பில் ஒரு வரி எழுதி ஆட் செய்யட்டும். இன்னொரு வரி சேர்க்கட்டும். உடனே கமிட் செய்யட்டும். இரண்டாவது வரி கமிட்டில் இருக்காது. ஏன் என்று அவர்களே ஸ்டேட்டஸைப் பார்த்துக் கண்டுபிடித்தால், ஆட் எதற்கு என்ற கேள்வி மறுபடி வராது.

இரண்டாம் வகுப்பில் மோதலை, அதாவது இருவரின் மாற்றங்கள் முட்டிக்கொள்வதை, நீங்களே உருவாக்குங்கள். பகிர்ந்த கோப்புறையில் பேர் வகை ரெப்போ (வரலாறு மட்டும் உள்ள பொதுக் களஞ்சியம்) ஒன்றை வையுங்கள். வெளித்தளம் எதுவும் தேவையில்லை. இரண்டிரண்டு பேராக ஒரே கோப்பின் ஒரே வரியை மாற்றட்டும். முதலில் புஷ் செய்தவருக்கு (தன் கமிட்டை அதில் ஏற்றியவருக்கு) போய்விடும்; இரண்டாமவருக்கு மறுப்பு வரும். புல் செய்தால் (அதில் இருப்பதை இறக்கினால்), இருவர் வரலாறும் பிரிந்திருக்கிறது, எப்படி இணைப்பது என்று சொல் என புதிய கிட் பதிப்புகள் நின்றுவிடும். தொடக்கநிலை மாணவர் இங்கேதான் கோப்புறையை அழிக்கிறார். ஆகவே முன்கூட்டியே புல்-ரீபேஸ் அமைப்பை ஃபால்ஸ் என்று எல்லாக் கணினியிலும் வைத்துவிடுங்கள். அப்போது மோதல் கோப்புக்குள் தெரியும்: <<<<<<< என்ற குறிக்குக் கீழே தன் வரி, ======= நடுவில், அடுத்தவர் வரி, பிறகு >>>>>>>.

மோதலைத் தீர்க்கும்போது மூன்று தவறுகள் திரும்பத் திரும்ப வரும். குறிகளை அழித்துவிட்டு இரண்டு வரிகளையும் அப்படியே விடுவது. அடுத்தவர் வரியைப் படிக்காமலே தூக்கிவிடுவது. குறிகளோடேயே கமிட் செய்வது. மூன்றாவதை கிட் தடுக்காது. ஆட் செய்துவிட்டால் மோதல் தீர்ந்தது என்றே அது எடுத்துக்கொள்ளும். டிஃப் கட்டளையோடு செக் என்ற தெரிவைச் சேர்த்தால் மிஞ்சிய குறிகளைக் காட்டிக்கொடுக்கும். குழம்பிப்போனவருக்கு மெர்ஜ் அபார்ட் (இணைப்பைக் கைவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்புவது) என்ற வழி உண்டு என்பதையும் அதே வகுப்பில் செய்து காட்டுங்கள். பின்வாங்க வழி தெரிந்த மாணவர் பயப்படமாட்டார். கோப்புறையை அழிக்கவும் மாட்டார்.

விண்டோஸும் லினக்ஸும் கலந்த வகுப்பில் ஒருவர் ஒரு வரியை மாற்றினால் முழுக் கோப்பும் மாறியதாகக் காட்டும். வரி முடிவைக் குறிக்கும் எழுத்து இரண்டிலும் வேறு என்பதே காரணம். ரெப்போவில் கிட் ஆட்ரிபியூட்ஸ் கோப்பு ஒன்றை வைத்து, எல்லா உரைக் கோப்புகளுக்கும் வரி முடிவைத் தானாகச் சீராக்கச் சொல்லும் ஒரே வரியை முதல் நாளே எழுதிவிடுங்கள்.

பொதுத் தளத்துக்குப் போவதற்கு முன் இரண்டு விஷயங்கள். கமிட்டில் எழுதும் பெயரும் மின்னஞ்சலும் அங்கே நிரந்தரமாகத் தங்கிவிடும். பள்ளி மாணவர் என்றால் புனைபெயரும், தளமே தரும் மறைமுக மின்னஞ்சல் முகவரியும் போதும். கடவுச்சொல்லைத் தவறிப்போய் கமிட் செய்துவிட்டால், அடுத்த கமிட்டில் அழிப்பதால் பயன் இல்லை. பழைய கமிட்டைத் திறந்து யாரும் படிக்கலாம். உடனே அந்தக் கடவுச்சொல்லை மாற்றுவதுதான் முதல் வேலை, வரலாற்றைச் சுத்தம் செய்வது பிறகு.

பருவத்தின் கடைசியில், பிழை எந்தக் கமிட்டில் நுழைந்தது என்று தேடும் பைசெக்ட் கட்டளையைச் சொல்லிக்கொடுங்கள். 64 கமிட் கொண்ட ரெப்போவை ஆயத்தம் செய்து, நடுவில் எங்கோ ஒரு பிழையை ஒளித்துவையுங்கள். ஒவ்வொன்றாகத் தேடினால் 64 சோதனை வரை போகலாம். பைசெக்ட் பாதிபாதியாகப் பிரித்து 6 சோதனையில் கொண்டுபோய் நிறுத்தும். 1,000 கமிட் இருந்தாலும் ஏறக்குறைய 10-தான். சின்னச் சின்னக் கமிட்டாக ஏன் செய்ய வேண்டும் என்று நீங்கள் பருவம் முழுக்கச் சொல்லிவந்தது அந்த ஒரு மணி நேரத்தில் புரிந்துவிடும்.


கேள்வி: மாணவர் ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு திறமூலத் திட்டத்தில் ஒரு மாற்றமாவது ஏற்கப்பட வேண்டும் என்று ஒப்படைப்பு வைக்க நினைக்கிறோம். சரியா? – கணினித் துறைப் பேராசிரியர்

பதில்: அப்படியே வைக்காதீர்கள். ஏற்பதா வேண்டாமா என்பது உங்கள் மாணவர் கையிலும் இல்லை, உங்கள் கையிலும் இல்லை. மதிப்பெண்ணுக்காக அவசரப்படும் 60 பேர், ஓய்வு நேரத்தில் உழைக்கும் ஒரு பராமரிப்பாளரின் வாசலில் வரிசை கட்டுவார்கள். 2020 அக்டோபரில், மாற்றம் அனுப்புவோருக்குச் சட்டை தரும் ஹாக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வின்போது, ஒரு சொல்லை மட்டும் மாற்றி அனுப்பிய வெற்றுக் கோரிக்கைகள் எண்ணற்ற திட்டங்களில் குவிந்தன. விருப்பம் தெரிவித்த திட்டங்களுக்கு அனுப்பியது மட்டுமே கணக்கில் சேரும் என்று விதியையே நடுவில் மாற்றினார்கள். 2021-இல் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்குழு, பிழையுள்ள மாற்றங்களைத் தெரிந்தே லினக்ஸ் கருவுக்கு (இயங்குதளத்தின் மையப் பகுதிக்கு) அனுப்பிச் சோதித்தது வெளியே தெரிந்தபோது, அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து வருவதையே ஏற்க மறுத்தார்கள். பராமரிப்பாளரின் நேரம் வகுப்பின் சோதனைப்பொருள் அல்ல என்பதைப் பாடத்தின் முதல் நாளே சொல்லுங்கள்.

ஆறு வாரமாகப் பிரிக்கலாம். முதல் வாரம் திட்டத்தைத் தேர்ந்தெடுப்பது. கடைசி கமிட் எப்போது, வெளியாள் அனுப்பிய மாற்றத்துக்குச் சராசரியாக எத்தனை நாளில் பதில் வருகிறது, பங்களிப்பு வழிகாட்டிக் கோப்பு இருக்கிறதா, சாதாரண மடிக்கணினியில் இரண்டு மணி நேரத்துக்குள் கட்டி (மூலத்திலிருந்து நிரலை உருவாக்கி) ஓட்ட முடிகிறதா என்று பார்க்க வேண்டும். கடைசிக் கேள்வியில்தான் பெரும்பாலான தேர்வுகள் கழியும். பெரிய உலாவியைத் தேர்ந்தெடுத்த குழு ஆறாவது வாரமும் கட்டிக்கொண்டே இருக்கும். இரண்டாம் வாரம், திட்டத்தைக் கட்டி அதன் சோதனைகளை ஓட்டி, வழிகாட்டியில் விடுபட்டதைக் குறிப்பேட்டில் குறித்துக்கொள்வது. மூன்று, நான்காம் வாரங்களில், பிறர் சொன்ன பழைய பிழைகளில் இரண்டை எடுத்துத் தன் கணினியில் மறுபடி வரவழைக்க முயல்வது. எந்தப் பதிப்பு, எந்த இயங்குதளம், என்ன படிகள், எதிர்பார்த்தது என்ன, நடந்தது என்ன என்று ஐந்தையும் எழுதித் தந்தால் அதுவே பராமரிப்பாளருக்குப் பெரிய உதவி. நிரல் வரி ஒன்றுகூடத் தேவையில்லை. கடைசி இரண்டு வாரம் ஒரு சிறு திருத்தம்: முதலில் ஆசிரியரிடமும் சக மாணவரிடமும் பரிசீலனைக்கு வரட்டும், தேறியது மட்டும் வெளியே போகட்டும். மதிப்பெண் குறிப்பேட்டுக்கும் பரிசீலனைக்கும் பதில் சொன்ன விதத்துக்கும்தான்.

மொழிபெயர்ப்பும் நல்ல நுழைவாயில். லிப்ரெ ஆபீஸ் உட்படப் பல திட்டங்கள் வெப்லேட் தளத்தில் மொழிபெயர்ப்பை நடத்துகின்றன. இங்கே வரும் பிழைகள் மொழிப் பிழைகள் அல்ல. விழுக்காட்டுக் குறியோடு வரும் இடக்குறியை (ஓடும்போது நிரல் பெயரோ எண்ணோ நிரப்பும் இடத்தை) மாணவர் தமிழாக்கிவிடுவார், அல்லது விட்டுவிடுவார். நிரல் அந்த இடத்தில் வந்ததும் நின்றுபோகும். இரண்டு இடக்குறிகள் வரும் வாக்கியத்தில் தமிழ்ச் சொல்வரிசை மாறுவதால், சி மொழி நிரல்களில் குறிக்குப் பின் 1$, 2$ என்று எண் சேர்க்க வேண்டியிருக்கும். தொடங்கும் முன் அந்தத் திட்டத்தில் முந்தைய மொழிபெயர்ப்பாளர்கள் பயன்படுத்திய கலைச்சொற்களைப் படித்துவிடுங்கள். ஒரே பட்டியில் கோப்பும் ஃபைலும் அடுத்தடுத்து நின்றால் பயனர் தடுமாறுவார்.


கேள்வி: குழுத் திட்டத்தில் யார் எவ்வளவு செய்தார் என்பதை கமிட் எண்ணிக்கையை வைத்து மதிப்பிடலாமா? – தனிப்பயிற்சி ஆசிரியர்

பதில்: எண்ணிக்கையை வைத்தால் எண்ணிக்கைதான் வரும். கிட்டின் ஷார்ட்லாக் கட்டளை ஆளுக்கு எத்தனை கமிட் என்று நொடியில் காட்டும்; ஆனால் கோப்பு முழுவதையும் தானியங்கி வடிவமைப்பான் கொண்டு சீராக்கியவர் பெயரில் ஆயிரம் வரிகள் நிற்கும். இருவர் ஒரே கணினியில் உட்கார்ந்து எழுதினால் ஒருவர் பெயர்தான் பதிவாகும். இணை ஆசிரியர் பெயரைக் கமிட் செய்தியின் கடைசி வரியில் சேர்க்கப் பழக்குங்கள். நேர்மையான வழி ஒன்று உண்டு. ஒவ்வொருவரிடமும் அவருடைய கமிட் ஒன்றை நீங்களே தேர்ந்தெடுத்துக் காட்டி, ஏன் இப்படி மாற்றினீர்கள், வேறு எப்படிச் செய்திருக்கலாம் என்று ஐந்து நிமிடம் கேளுங்கள். நகலெடுத்து ஒட்டியவரும் உழைத்தவரும் அங்கே தெளிவாகப் பிரிந்துவிடுவார்கள்.


கேள்வி: மாணவர் செய்த திட்டத்தை இணையத்தில் போட்டிருக்கிறோம். அதுவே திறமூலம் ஆகிவிடுமா? – பொறியியல் மாணவர்

பதில்: ஆகாது. உரிமக் கோப்பு இல்லாத நிரலைப் பார்க்கலாம். எடுத்துப் பயன்படுத்தவோ மாற்றி வெளியிடவோ யாருக்கும் அனுமதி இல்லை. யார் வேண்டுமானாலும் எப்படியும் பயன்படுத்தட்டும் என்றால் எம்ஐடி உரிமம். மாற்றி வெளியிடுபவரும் மூலத்தைத் திறந்தே தர வேண்டும் என்றால் ஜிபிஎல் 3. வெளியிலிருந்து எடுத்துச் சேர்த்த நிரல் துண்டு எந்த உரிமத்தில் இருக்கிறது என்று பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள். ஜிபிஎல் நிரலைச் சேர்த்துவிட்டு முழுவதையும் எம்ஐடியில் தர முடியாது. பாடக்குறிப்புகளுக்கு கிரியேட்டிவ் காமன்ஸ் பொருந்தும், நிரலுக்கு அல்ல. குழுவாகச் செய்ததென்றால் எல்லோருடைய ஒப்புதலும் வேண்டும்.


கேள்வி: மூலத்தை எல்லோரும் படிக்கலாம் என்றால் தாக்குபவருக்கும் வசதிதானே என்று மாணவர்கள் கேட்கிறார்கள். என்ன சொல்வது? – கணினி ஆசிரியர் ஒருவர்

பதில்: நல்ல கேள்வி, சமாதானம் சொல்லி அனுப்பிவிடாமல் இரண்டு நிகழ்வுகளை வகுப்பில் பிரித்துப் பாருங்கள்.

2014 ஏப்ரலில் வெளிவந்த ஹார்ட்பிளீட், இணையத் தொடர்பை மறைகுறியாக்கும் ஓபன் எஸ்எஸ்எல் மென்பொருளில் இருந்த பிழை. நான் அனுப்பும் செய்தி இத்தனை பைட், அதைத் திருப்பி அனுப்பு என்று ஒரு முனை கேட்கும். சொன்ன நீளமும் உண்மையான நீளமும் ஒன்றுதானா என்று மறுமுனை சரிபார்க்கவில்லை. ஒரே ஒரு பைட் அனுப்பி 64 கேபி வரை கேட்டால், நினைவகத்தில் பக்கத்தில் இருந்ததெல்லாம் வந்தது. அதில் கடவுச்சொல்லும் இருக்கலாம். மூலம் திறந்திருந்தும் இரண்டாண்டுக்கு மேல் யார் கண்ணிலும் படவில்லை. சி மொழி படித்த வகுப்பில் 20 வரியில் இதே பிழையை எழுதிக் காட்டலாம். எந்த இடத்தில் எந்த ஒப்பீட்டைச் சேர்த்தால் சரியாகும் என்று மாணவர்களே சொல்லட்டும்.

2024 மார்ச் 29 அன்று வெளிப்பட்ட எக்ஸ்இசட் (கோப்புகளைச் சுருக்கும் கருவி) விவகாரம் வேறு வகை. நீண்ட காலம் உதவியாளராகப் பழகி நம்பிக்கை பெற்ற ஒருவர், 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு (ரகசிய நுழைவு வழி) வைத்தார். எஸ்எஸ்ஹெச் நுழைவு வழக்கத்தைவிட அரை நொடி தாமதமாவதைக் கவனித்துத் தோண்டிய ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற நிரலாளர் அதைக் கண்டுபிடித்தார். டெபியன், உபுண்டு போன்ற பெரும்பாலான லினக்ஸ் விநியோகங்களின் நிலையான பதிப்புகளுக்கு அது போய்ச் சேரவில்லை. முக்கியமான பகுதி ஒன்று கிட் ரெப்போவில் இல்லவே இல்லை. வெளியீட்டுக்கென்று கோப்புகளை ஒன்றாகக் கட்டிய டார் தொகுப்பில் மட்டும் இருந்தது. மீதி, சோதனைக்கான கோப்புகள் என்ற பெயரில் ஒளிந்திருந்தது. எல்லோரும் படிப்பதாக நினைத்த மூலம் ஒன்று, கணினிகளில் கட்டப்பட்டது வேறொன்று.

இதைப் பயிற்சியாக்குங்கள். மாணவர்கள் ஒரு சிறிய திட்டத்தின் டார் தொகுப்பைப் பதிவிறக்கட்டும். அதே பதிப்பு எண் குறிச்சொல் உள்ள கிட் ரெப்போவையும் எடுக்கட்டும். இரண்டு கோப்புறைகளையும் டிஃப் கட்டளையில் ஆர் தெரிவு சேர்த்து ஒப்பிடட்டும். வேறுபாடு கட்டாயம் வரும். தானியங்கியாக உருவான கன்ஃபிகர் கோப்பு, கையேட்டுப் பக்கங்கள் போன்றவை தொகுப்பில் மட்டும் இருப்பது வழக்கம். ஒவ்வொரு வேறுபாடும் எங்கிருந்து வந்தது, எந்தக் கருவி உருவாக்கியது என்று ஒரு வரி விளக்கம் எழுதட்டும். விளக்கம் கிடைக்காத கோப்பு ஏதாவது இருந்தால், அதைப் பற்றித் திட்டத்தின் பராமரிப்பாளரிடம் மரியாதையாக ஒரு கேள்வி அனுப்பலாம். வகுப்பு முழுவதற்கும் சேர்த்து ஒரே கேள்வியாக அனுப்புங்கள்.